நிலமங்கை சிந்தில் இல்லாத அடிகள்

செங்கற்பட்டு
25-1-54

ஸ்ரீ:

சிரஞ்சீவி வெங்கடராகவனுக்கு அண்ணா ஸ்ரீனிவாசராகவன் ஆசீர்வாதம். இங்கே நான், உன் மன்னி, குழந்தை சுந்தரவல்லி மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. நேற்றுச் சந்தையில் நேரிலேயே பார்த்துவிட்டேன்.

வெங்காய மூட்டைகளுக்கும் கருவாட்டுக் கூடைகளுக்கும் நடுவில் நின்று கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாய். தொண்டைக்கு ஒரு குறையுமில்லை. என்னோடு வந்த கோர்ட் குமாஸ்தா காசிநாதன், "இன்னா சார், அந்தப் பாட்டுக்காரன் மூஞ்சி உங்க ஜாடையா கீதே" என்றான். ஜாடைக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம் என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்கூட வாங்காமல் திரும்பினேன். அவன் நம்பவில்லை. இன்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்பா உன்னைப் பாடசாலையில் விட்டார். பதினேழு வயதில் ஓடிப்போய்க் கள்ளுக்கடை மறியலில் பாடினாய். ஜெயிலுக்கும் போனாய். தேசத்துக்காக என்று அப்போது மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சுதந்திரம் வந்தது. உன்னோடு ஜெயிலிலிருந்தவர்கள் பதவிக்குப் போனார்கள், நீ சந்தைக்குப் போனாய். புயல் அடித்தால் ஒரு பாட்டு, ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டு, எவனாவது எவளையாவது வெட்டினால் அதற்கு இரண்டு பாட்டு. எங்கே பிணம் விழும் என்று பார்த்துக்கொண்டு திரிவதை ஒரு ஜீவனம் என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது.

சுந்தரவல்லிக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. செவ்வாய் தோஷ ஜாதகம். "பெண்ணின் சித்தப்பா சந்தையில் பாடுகிறவராமே" என்று கேட்டே இரண்டு இடம் தட்டிப்போயிற்று. இப்போது ஒரு நல்ல இடம் கூடி வருகிறது. அது முடிகிறவரையில் நீ செங்கற்பட்டு எல்லைக்குள் காலை வைக்காதே. கடற்கரையில் உட்கார்ந்து மீன்களுக்குப் பாடு. அவை யாருக்கும் சம்பந்தி ஆகப் போவதில்லை.

இப்படிக்கு,
ஸ்ரீனிவாசராகவன்


சதுரங்கப்பட்டினம்
22-2-54

அண்ணா திருவடிகளில் வெங்கடராகவன் தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் தொண்டையும் க்ஷேமம். மன்னியின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். என்னைத் திட்டவே காகிதம் போதவில்லை போலிருக்கிறது.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மல்லையில் மாசிமகம். மணலில் ஜனம் கொள்ளவில்லை. புதிதாக ஒரு சிந்து கட்டிப் பதினோரு பாட்டாக அச்சடித்துக் கொண்டுபோனேன். பெயர் 'நிலமங்கை சிந்து'. மாமியார் கொடுமையில் கால்வாயில் செத்த ஒரு பெண்ணின் கதை. மூன்றாம் பாட்டுக்கே பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். மாமியார்க்காரிகளும் சேர்ந்து அழுததுதான் வேடிக்கை. ஒவ்வொருத்தியும் தன் மாமியாரை நினைத்து அழுதிருப்பாள்.

நான் பிணத்தைத் தேடித் திரிகிறேன் என்கிறீர்கள். உங்கள் கோர்ட்டிலும் அதைத்தானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அங்கே ராகம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். முன்னொரு தடவை பட்டணத்தில் ஒரு கிராமபோன் கம்பெனியில் பாடிக் காட்டினேன். "இந்தக் குரல் ரிகார்டுக்குள் அடங்காதுய்யா, திறந்தவெளிக்குத்தான் லாயக்கு" என்றார்கள். திட்டினார்களா புகழ்ந்தார்களா என்று இன்னும் தெரியவில்லை. நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன். இருபது வருஷமாக எவனுக்கும் பயந்து ஒரு அடியை விட்டதில்லை. அந்தப் பெருமை எனக்குப் போதும்.

செங்கற்பட்டுக்கு வரமாட்டேன். குழந்தைக்கு நல்லது நடந்தால் சரி. மாப்பிள்ளை யார், எந்த ஊர்? சிந்து ஒரு பிரதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒருதரம் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வெங்கடராகவன்


செங்கற்பட்டு
1-3-54

ஸ்ரீ:

வெங்கடராகவனுக்கு ஆசீர்வாதம். மன்னிக்கு முட்டிவலி தேவலை. உன் கடிதம் படித்ததில் எனக்குத் தலைவலி.

நீ அனுப்பிய காலணாப் புஸ்தகத்தை நான் பிரித்துப் பார்க்கவில்லை. நாலு நாள் விறகுப் பரணில் கிடந்தது. அடுப்புக்குப் போட மன்னி கேட்டாள், அச்செழுத்துக்கு மரியாதை கொடுத்து இன்று தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். இனிமேல் இந்த மாதிரி வஸ்துக்களை இந்த வீட்டுக்கு அனுப்பாதே. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருக்கிற இடம்.

மாப்பிள்ளை செய்யூர். பெயர் கஸ்தூரிரங்கன். முப்பத்தொரு வயது, மதுராந்தகத்தில் சர்க்கார் உத்தியோகம். ஊரில் நஞ்சையும் சவுக்குத் தோப்பும் உண்டு. தகப்பனார் இல்லை, தாயார்தான் எல்லாம். இரண்டாந்தாரம். மூத்தவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கிங்காம் கால்வாயில் கால் நழுவி விழுந்து போய்விட்டாளாம், பாவம். குழந்தை கிடையாது. அவருக்கும் செவ்வாய் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? ஏழாவது இடம் இது. ஏழாவது தடவை கை கூப்பிக்கொண்டு வாசலில் நிற்க என் முதுகுக்குத் தெம்பில்லை.

ஸ்ரீனிவாசராகவன்


சதுரங்கப்பட்டினம்
4-3-54

அண்ணாவுக்கு அநேக தண்டம். உங்கள் கடிதம் இன்று வந்தது. க்ஷேமம் விசாரிக்கப் பொழுதில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணா, நிலமங்கை யார் தெரியுமா? அந்தக் கஸ்தூரிரங்கனின் மூத்த சம்சாரம். நான் சிந்தில் செய்யூர் என்று ஊரைப் போட்டேன், குடும்பப் பெயரைப் போடவில்லை. புஸ்தகத்தைப் பிரித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவள் மல்லைப் பக்கத்துப் பெண். தகப்பனார் ஒரு சின்னக் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிறவர். மாமியார் கரண்டியைக் காய வைத்து முழங்கையில் இழுத்திருக்கிறாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறான். இரண்டு தடவை அவள் கால்வாய்ப் படகு ஏறிப் பிறந்தகம் வந்தாள், இரண்டு தடவையும் அதே படகில் திரும்பிப் போனாள். மூன்றாம் தடவை வாயலூர் பக்கத்தில் தண்ணீரில் மிதந்தாள். படகுக்காரன் சின்னையன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கால் நழுவிச்சாமா? எவன் சொன்னது சாமி? அந்தப் பொண்ணு கைய நான் பாத்துகீறேன். தோசக்கல்லுல வச்சாப்ல கீது. கேட்டா, அடுப்பு பட்டுச்சுன்னுச்சு. எந்த அடுப்பு சாமி முழங்கைக்கு மேல வந்து சுடும்?"

அண்ணா, இந்த இடம் வேண்டாம். என்னை இன்னும் நூறு தடவை திட்டுங்கள், குழந்தையை அங்கே கொடுக்காதீர்கள். பதில் உடனே எழுதவும்.

வெங்கடராகவன்


செங்கற்பட்டு
29-3-54

ஸ்ரீ:

வெங்கடராகவனுக்கு ஆசீர்வாதம். இங்கு யாவரும் சௌக்கியம். உடனே எழுது என்றாய். தீர விசாரித்து எழுதுவது என் வழக்கம்.

செய்யூருக்கு மனிதர் அனுப்பி விசாரித்தேன். அந்தப் பெண்ணுக்குச் சித்தம் சரியில்லை, சொல்லாமல் கொள்ளாமல் படகேறிப் போய்விடுவாளாம். கௌரவமான நாலு பேர் ஒரே மாதிரி சொல்கிறார்கள். உன் பக்கத்துச் சாட்சி யார்? படகு தள்ளுகிறவன். அவனும் மாமியாரை நேரில் பார்த்தவனில்லை. ஒருவன் சொன்னான், ஒருத்தி சொன்னாள் என்பதை எங்கள் கோர்ட்டில் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். நீ அதற்குத் தாளம் போட்டு ஊர் ஊராக விற்கிறாய். நாளைக்கு எனக்கும் ஒரு சிந்து கட்டுவாய். கட்டு.

சித்திரையில் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் பாடுவாளா என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டனுப்பினார். சுந்தரவல்லி மூன்று வருஷம் சங்கீதம் கற்றவள்தானே, கீர்த்தனம் ஒன்றைச் சாதகம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். உன்னைப் பற்றியும் கேட்டார்கள். தம்பி காசிக்குப் போனான், திரும்பவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ எனக்குச் செய்யக்கூடிய உபகாரம், காசியிலேயே இருப்பது.

ஸ்ரீனிவாசராகவன்


செங்கற்பட்டு
12-4-54

சித்தப்பாவுக்கு சுந்தரவல்லி சேவித்து எழுதிக்கொண்டது. எல்லோரும் சௌக்கியம். அப்பா கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் சிந்து விறகுப் பரணில் கிடந்த நாலு நாளில் நான் படித்துவிட்டேன். பதினோரு பாட்டும் பாடம். நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். மெட்டு நீங்களே போட்டதா? நாலாம் பாட்டு நன்றாக இருக்கிறது. ஒன்பதாம் பாட்டில் மாமியாரைப் பேய், பிசாசு, பூதம் என்று மூன்று தடவை திட்டியிருக்கிறீர்கள், ஒன்று போதும்.

ஒரு சந்தேகம். ஐந்தாம் பாட்டில் நிலமங்கை படகேறிப் பிறந்தகம் வருகிறாள். ஆறாம் பாட்டில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஏழாம் பாட்டில் மறுபடி பிறந்தகம் வந்து கதவைத் தட்டுகிறாள். எட்டாம் பாட்டில் கால்வாயில் கிடக்கிறாள். இரண்டு தடவையும் அவளைத் திரும்பப் படகில் ஏற்றியது யார்? அதற்கு ஒரு அடிகூட இல்லையே. கதவு திறந்ததா இல்லையா என்றுகூட இல்லை. அச்சுக்காரன் விட்டுவிட்டானா, நீங்கள் விட்டுவிட்டீர்களா?

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அவர்கள் வருகிறார்கள். அதற்குள் தெரிய வேண்டும்.

சுந்தரவல்லி


சதுரங்கப்பட்டினம்
24-4-54

சௌபாக்கியவதி சுந்தரவல்லிக்குச் சித்தப்பா ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. நான் க்ஷேமம், கொஞ்சம் இருமல். அதனால்தான் பதில் தாமதம்.

பாட்டில் எல்லாவற்றையும் சொல்ல இடம் கிடையாது அம்மா. சந்தை ஜனம் நின்றுகொண்டு கேட்கிறது. கதை ஓடவேண்டும். மாமியார் என்றால் உடனே பற்றிக்கொள்ளும், அங்கேதான் தட்டவேண்டும். மற்றதெல்லாம் கேட்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும். இது தொழில் ரகசியம், உனக்கு எதற்கு?

அப்பாவிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. நீயும் அம்மாவும் நல்லதனமாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பெருமாள் இருக்கிறார். பரணில் கிடந்த புஸ்தகத்தை எல்லாம் எடுத்துப் படித்து மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே.

வெங்கடராகவன்


செங்கற்பட்டு
10-5-54

ஸ்ரீ:

அடே பாவி, உனக்கு ஆசீர்வாதம் எழுதக் கை வரவில்லை. இங்கே யாரும் சௌக்கியமாக இல்லை. நேற்றோடு அது முடிந்துவிட்டது.

வந்தார்கள். மாப்பிள்ளை, தாயார், தாய்மாமா, இன்னும் இரண்டு பேர். சொஜ்ஜி பஜ்ஜி பரிமாறியாயிற்று. தாயார், "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றார். சுந்தரவல்லி சேவித்துவிட்டு உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள். நான் புதிதாக ஏதோ பதம் என்று நினைத்தேன். மெட்டு இழைந்துகொண்டு வந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நான் தொடையில் தாளம் போட்டேன். மாப்பிள்ளையின் தாய்மாமாவைப் பார்த்து, "எப்படி?" என்று தலையை வேறு ஆட்டினேன். மூன்றாம் பாட்டில் செய்யூர் என்றாள். கரண்டி என்றாள். என் கை தொடையிலேயே நின்றுவிட்டது.

அந்த அம்மாள் பஜ்ஜியை இலையில் வைத்துவிட்டு, "இது எங்கே கத்துண்டே?" என்று கேட்டார். இவள் நிறுத்திவிட்டு, "காசியிலேர்ந்து சித்தப்பா அனுப்பினார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடினாள். மாப்பிள்ளை மட்டும் கடைசிவரை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயை மூடு என்று கத்தினேன். உன் மன்னி, ஜன்மத்தில் எதிர்த்துப் பேசாதவள், "பாடி முடிக்கட்டும்னா" என்றாள்.

ஏழாம் பாட்டுக்கு அப்புறம் ஒன்று வந்தது. அதை அவர்களைப் பார்த்துப் பாடவில்லை, என்னைப் பார்த்துப் பாடினாள்:

மாமி கையால் சூடுபட்ட தழும்புண்டு – என்னை
மறுபடியும் படகிலேற்றி விட்டதார்?
சாமிசோறு சமைக்கிறகை அப்பாகை – என்னைத்
தண்ணியிலே இறக்கிவிட்டதும் அந்தக்கை.

இந்த ஆபாசத்தை உன்னைத் தவிர எவன் எழுதுவான்? பெற்ற தகப்பனைச் சந்தி சிரிக்க வைக்கிற புத்தி வேறு யாருக்கு வரும்? நேற்றிலிருந்து இந்த நாலு அடி என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவர்கள் கைகூட அலம்பாமல் எழுந்து போனார்கள். நீ காசிக்கே போயிருக்கலாம். போய் அங்கேயே தொலைந்திருக்கலாம்.

ஸ்ரீனிவாசராகவன்


சதுரங்கப்பட்டினம்
15-5-54

அண்ணா திருவடிகளில் தண்டம். திட்டுங்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சிந்தின் அடிகளை உங்கள் கைப்பட எழுதியிருக்கிறீர்கள், அந்த நாலு அடியும் என்னுடையது அல்ல.

என் புஸ்தகத்தில் அது கிடையாது. வேண்டுமானால் சுந்தரவல்லியைக் கேளுங்கள். அவள் கட்டியது. என்னிடம் சந்தேகம் கேட்டு எழுதினாள், நான் தொழில் ரகசியம் என்று மழுப்பினேன்.

எனக்குத் தெரியும் அண்ணா. நிலமங்கையை இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியது அவள் தகப்பனார்தான். பூவும் பழமும் வைத்து, மாமியாருக்கு மன்னிப்புக் கடிதமும் எழுதிக் கொடுத்துப் படகேற்றிவிட்டார். இதை ஒரு பாட்டாக எழுதியும் வைத்தேன். அச்சுக்குக் கொடுக்கிற அன்று அவர் என் வீட்டுக்கு வந்தார். தளிகை வேஷ்டியோடு என் காலில் விழுந்தார். "இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு, என்னைப் பாட்டில் வைக்காதே" என்று அழுதார். அந்தப் பாட்டைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த இடத்தை நிரப்பத்தான் பேய், பிசாசு, பூதம் எல்லாம் வந்தது. அதற்குப் பிறகும் எவனுக்கும் பயந்து ஒரு அடியை விட்டதில்லை என்று உங்களுக்கு மீசையை முறுக்கிக் கடிதம் எழுதினேன்.

சின்னையன் சொன்னதில் பாதியைத்தான் உங்களுக்கு எழுதினேன். மீதி இது: "மூணாந்தபா ஏறச்சொல்ல, 'அப்பா இந்தத் தபா சேத்துப்பாரா'ன்னு கேட்டுச்சு சாமி. நான் பாட்டுக்கு கழி போட்டேன். வாயலூராண்ட திரும்பிப் பாத்தா எடம் காலியா கீது."

மாமியாரைத் திட்ட ஒரு துணிச்சலும் வேண்டாம். அதற்கு ஊரே கூடவரும். நான் இத்தனை வருஷம் பாடினதெல்லாம் அந்த ஜாதி. மற்றதைப் பாட வேண்டிய இடத்தில், பாட வேண்டியவர் முகத்தைப் பார்த்து, உங்கள் பெண் பாடிவிட்டாள். அவளைக் கோபிக்காதீர்கள்.

வெங்கடராகவன்


செங்கற்பட்டு
7-6-54

ஸ்ரீ:

வெங்கடராகவனுக்கு. சௌக்கியம் ஒன்றுமில்லை. சுந்தரவல்லி இன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள். உன்னிடம்தான் வந்திருப்பாள். வேறு போக்கிடம் அவளுக்கு ஏது.

நடந்ததைச் சொல்கிறேன். நான் செய்யூருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். மாப்பிள்ளையின் தாயார் பெரிய மனது பண்ணிவிட்டார். பெண் வந்து நாலு பேருக்கு முன்னால் சேவித்தால் போதுமாம். பாட்டு வெளியே போகாமலிருக்க, பாடினவளையே வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது உத்தமம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். எவ்வளவு விவேகம் பார். ஆனியில் முகூர்த்தம். நேற்று அவளிடம் இதைச் சொன்னேன். இன்று காணோம். உன் மன்னிக்கு ஒன்றும் தெரியாதாம்.

நீ எழுதியது எல்லாம் படித்தேன். யாரோ மடப்பள்ளிக்காரனையும் என்னையும் ஒரே தட்டில் வைக்காதே. அவன் தெரியாதவன். நான் யோசித்துச் செய்கிறேன். அவளுக்குப் புத்தி சொல்லி, துணைக்கு ஆள் போட்டு, அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பு. பழையதை எல்லாம் மறந்துவிடுகிறேன். கல்யாணத்துக்கு நீயும் வரலாம், காசியிலிருந்து வந்துவிட்டாய் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்ரீனிவாசராகவன்


சதுரங்கப்பட்டினம்
9-6-54

அண்ணாவுக்கு வெங்கடராகவன் எழுதுவது. சுந்தரவல்லி சௌக்கியமாக வந்து சேர்ந்தாள். கையில் ஒரு துணிமூட்டை, புளியோதரைப் பொட்டலம். பொட்டலத்தின் முடிச்சு மன்னி போட்டது, எனக்குத் தெரியும். அதற்காக மன்னியை ஒன்றும் கேட்காதீர்கள்.

அவளை வாசலில் பார்த்ததும் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? "அப்பா கவலைப்படுவாரேம்மா, அடுத்த பஸ்ஸில் போயிடு, நான் கொண்டுபோய் விடறேன்." உங்கள் கடிதம் அப்போது வரவேயில்லை. யாரும் சொல்லித் தராமல் நானாகச் சொன்னேன். ஊர் ஊராக அந்தப் பெண்ணுக்காக அழுதுகாட்டின அதே வாயால்.

அவள் மூட்டையைக் கீழே வைக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணா, நீங்கள் இருபது வருஷமாக என்னைக் கேவலமாகப் பார்த்தீர்கள், ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை. இவள் பார்த்தது உறைத்தது. "சித்தப்பா, நான் கட்டின எட்டாம் பாட்டில் இன்னும் இடமிருக்கு. உங்க பேரையும் போட்டுடட்டுமா?" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. நீங்கள் எழுதிய கடிதங்களையும் நான் வைத்திருந்த என் கடிதங்களின் நகல்களையும் அவளிடம் காட்டினேன். ஒன்றுவிடாமல் படித்தாள். "ரெண்டு பேரும் நன்னா எழுதறேள்" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டாள். பிறகு, செய்யூரில் அவர்கள் அடுத்ததாக எந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னாள். அந்தப் பெண்ணின் தகப்பனார் இருக்கிற ஊரில் எந்தக் கிழமை சந்தை என்றும் கேட்டாள். இந்தத் தடவை பன்னிரண்டு பாட்டையும் பாடவேண்டுமாம்.

இப்போது உங்கள் கடிதம் வந்திருக்கிறது. படித்தேன். அந்த அம்மாளின் விவேகத்தையும் படித்தேன். நீங்கள் யோசித்துச் செய்கிறவர்தான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மடப்பள்ளிக்காரரும் இரண்டு தடவையும் பஞ்சாங்கம் பார்த்து, நல்ல ஓரையில்தான் படகேற்றினார்.

பத்து மணி பஸ் வாசலில் வந்து நின்றது. கண்டக்டர் கண்ணாயிரம் தெரிந்தவன். "இன்னா சாமி, முந்தாநேத்து யாரோ செங்கல்பட்டுக்குப் போவணும்னியே, ஏர்றாங்களா?" என்று கேட்டான். "யாரும் இல்லை, நீ போ" என்றேன். அவன் விசில் ஊதினான், பஸ் போய்விட்டது.

அவளை அனுப்ப மாட்டேன்.

வெங்கடராகவன்